இங்கிலீஷ் பேசு, இல்லேன்னா செத்துப்போ

கொஞ்ச நாளா ஆணி ஜாஸ்தி. அதான் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க முடியல. இன்னிக்கு எழுதப் போறது ஒரு மெட்டல் ஆல்பத்தைப் பத்தி. "ஆஹா, இவன் மறுபடியும் கத்துற பாட்டை எடுத்துட்டான்டா"ன்னு எஸ்கேப் ஆகப் பாக்குறவங்க கொஞ்சம் பொறுங்க மக்களே. பாட்டு கொஞ்சம்தான் வரும், புலம்பல் நிறைய வரும்.

போன மாசம் ஆபீஸ்ல ஒரு இன்டர்வியூ எடுத்தேன். (கொடுத்தேன் இல்லீங்க, எடுத்தேன். நமக்கும் வயசாகுதுல்ல.) அது முடிஞ்ச ராத்திரிதான் இந்த ஆல்பத்தைப் பல மாசம் கழிச்சுத் திரும்பப் போட்டுக் கேட்டேன். என்ன நடந்துச்சுன்னு கீழ சொல்றேன். அதுக்கு முன்னாடி கொசுவத்தி சுத்தியாகணும்.

ஆல்பத்தோட பேரு 'ஸ்பீக் இங்கிலீஷ் ஆர் டை'. தலைப்புல இருக்கறது அதோட தமிழாக்கம்தான். பேண்டு பேரு ஸ்டார்ம்ட்ரூப்பர்ஸ் ஆஃப் டெத், சுருக்கமா எஸ்.ஓ.டி. 1985ல வந்துச்சு. ஆந்த்ராக்ஸ்னு ஒரு பெரிய த்ராஷ் மெட்டல் பேண்டு இருக்குல்ல, அதோட கிட்டார்காரர் ஸ்காட் இயன், டிரம்ஸ் சார்லி பெனான்டே, ஏற்கனவே அந்த பேண்டை விட்டு அனுப்பப்பட்ட பேஸ்காரர் டேன் லில்கர், பாட்டுக்கு பில்லி மிலனோன்னு ஒரு வாட்டசாட்டமான மனுஷன். ஆந்த்ராக்ஸோட சொந்த ஆல்பம் ரெக்கார்டிங் ஓடிக்கிட்டு இருந்தப்ப, தன் வேலையை முடிச்சிட்டுச் சும்மா உக்காந்திருந்த இயன், சார்ஜென்ட் டின்னு ஒரு கோபக்கார மிலிட்டரிக்காரன் கேலிச்சித்திரத்தை வரைஞ்சு, அவன் பேசுற மாதிரி குட்டி குட்டியாப் பாட்டு எழுதியிருக்காரு. வெட்டியா இருந்தப்ப ஆரம்பிச்ச வேலை. மொத்த ஆல்பமும் மூணே நாள்ல பதிவு பண்ணி முடிச்சாச்சு. நம்ம ஆபீஸ்ல ஒரு எஸ்டிமேட் போடவே மூணு நாள் ஆகும்.

இது எப்படி எனக்கு வந்து சேந்துச்சுன்னா, எல்லாப் புகழும் ஜியோவுக்கே. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்தப்ப நான் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். அதுவரைக்கும் பாட்டுன்னா மெமரி கார்டுல ஐம்பது ரூபா கொடுத்து ஏத்திக்கிறதுதான். திடீர்னு யூட்யூப் ஓசி. ஒரு நாள் ஆந்த்ராக்ஸோட 'இண்டியன்ஸ்'னு ஒரு பாட்டு கண்ணுல பட்டுச்சு. அடடா, நம்மளைப் பத்தி வெள்ளைக்காரன் பாடியிருக்கானேன்னு ஆசையா அமுக்குனா, அது செவ்விந்தியர்களைப் பத்தின பாட்டு. அவ்வ்வ்வ். ஆனா பாட்டு பிடிச்சுப்போச்சு. அதுக்கு அடுத்தாப்புல யூட்யூப் நீட்டுனதுதான் இந்த ஆல்பம். அட்டையில ஹெல்மெட் போட்ட சார்ஜென்ட் டி முறைச்சிக்கிட்டு இருக்கான், கூடவே அந்தப் பேரு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஏன்னா அன்னிக்குக் காலையிலதான் அதே வாக்கியத்தை கிளாஸ்ல கேட்டுட்டு வந்திருந்தேன். என்ன, கொஞ்சம் மரியாதையாச் சொன்னாங்க.

எங்க ஊரு அரியலூர் மாவட்டம், கீழப்பழுவூர் பக்கத்துல ஒரு கிராமம். பொன்னியின் செல்வன் படிச்சவங்களுக்கு, பழுவேட்டரையர் ஊருன்னா டக்குனு பிடிபடும். 2022ல படம் வந்தப்புறம் ஆபீஸ்ல ஒரு அக்கா "அப்ப நீ நந்தினி ஊராடா"ன்னு கேட்டாங்க. பன்னெண்டாவது வரைக்கும் கவர்ன்மெண்ட் ஸ்கூல், தமிழ் மீடியம். வீட்டுல முதல் பட்டதாரி. காலேஜு பெரம்பலூர் பக்கம். காலேஜ் பஸ்ஸுக்குத் தனியா ஃபீஸ் கட்டணும்னு, ஊர்லேர்ந்து அரியலூருக்கு ஒரு பஸ்ஸு, அரியலூர்லேர்ந்து பெரம்பலூருக்கு இன்னொரு பஸ்ஸுன்னு நாலு வருஷம் ஓட்டினேன்.

(இந்த ரெண்டு ஊரும் எங்களை ரொம்பக் குழப்பியிருக்கு. 1995ல திருச்சியிலேர்ந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிஞ்சுது. 2001ல அதுலேர்ந்து அரியலூர் பிரிஞ்சுது. 2002ல திரும்பச் சேத்துட்டாங்க. 2007ல மறுபடி பிரிச்சாங்க. நான் பொறந்தப்ப என் மாவட்டம் பெரம்பலூரு, இப்ப அரியலூரு. நான் வீடு மாறவே இல்ல.)

காலேஜுல வளாகத்துக்குள்ள தமிழ்ல பேசினா ஐம்பது ரூபா ஃபைன். கேன்டீன்ல "அண்ணே ஒரு டீ"ன்னு சொன்னதுக்கு ஃபைன் கட்டினவன் எங்க செட்டுல உண்டு. டீக்கடை அண்ணனுக்கும் இங்கிலீஷ் தெரியாது. அப்ப யாருக்காக அந்த ரூல்னு இன்னி வரைக்கும் எனக்கு விளங்கல. பயந்துக்கிட்டு வாயே திறக்காம இருந்ததுதான் மிச்சம். இங்கிலீஷும் வரல, தமிழும் போச்சு. மூணாவது செமஸ்டர் லேப் வைவாவுல, டேட்டா ஸ்ட்ரக்சர் கேள்வி. பதில் எனக்கு அச்சு அசலாத் தெரியும். போர்டுல படம் போட்டே காட்டிட்டேன். வாய்ல வார்த்தைதான் வரல. வெளியிலேர்ந்து வந்த எக்ஸாமினர் கேட்டாரு, "இங்கிலீஷ் பேச வராதவங்க எல்லாம் எதுக்கு இன்ஜினியரிங் வர்றீங்க?" அவரு தமிழ்லதான் கேட்டாரு. அவருக்கு ஃபைன் கிடையாது போல.

அன்னிக்குச் சாயந்திரம் பஸ்ஸுல ஜன்னல் சீட்டு. முன்னாடி பின்னாடி சுண்ணாம்புக்கல் லாரி, ரோடெல்லாம் வெள்ளைத் தூசி. ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு இந்த ஆல்பத்தைப் போட்டேன்.

முதல்ல ஒரு மார்ச். பாட்டுக்காரன் வாயையே திறக்கல, கிட்டாரும் டிரம்ஸும் மட்டும் நடை போட்டு வருது. அந்த ஒன்றரை நிமிஷம் என்னமோ என் முதுகுத்தண்டைப் பிடிச்சு நிமித்தி உக்கார வெச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் அடி. இருபது பாட்டுக்கு மேல, மொத்த ஆல்பமும் அரை மணி நேரம் கூட இல்ல. சில பாட்டு அஞ்சு பத்து செகண்டுல முடிஞ்சிரும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பேருல ஒரு பாட்டு இருக்கு: அவரோட கிட்டார் வாசிப்பை ரெண்டு செகண்டு காட்டிட்டு, ஆளு போய்ச் சேந்துட்டாருன்னு சொல்லிட்டு நிறுத்திடுவானுங்க. அவ்ளோதான் பாட்டு. 'மில்க்'குனு ஒன்னு. காலங்காத்தால சீரியல்ல ஊத்திக்கப் பால் இல்லையேன்னு ஒரு மனுஷன் உயிர் போற மாதிரி கத்துவான். அதுல டிரம்ஸ் ஓடுற வேகம் இருக்கு பாருங்க, பிளாஸ்ட் பீட்டுன்னு பின்னாடி பேரு வாங்குன அடிக்கு ஆரம்பகால உதாரணமா அதைத்தான் காட்டுவாங்க. சாவு வீட்டுல தூக்குறதுக்கு முன்னாடி கடைசி ரவுண்டு பறை அடி கேட்டிருக்கீங்களா? அந்த மாதிரி, மூச்சு விட இடம் கொடுக்காத அடி.

அரியலூர் பஸ் ஸ்டாண்டுல பிளே போட்டா குன்னம் பக்கம் போறப்ப முடிஞ்சிரும். திரும்ப ஒரு தடவை போட்டா பெரம்பலூர். நாலு வருஷத்துல எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

இதுல விசேஷம் என்னன்னா, அந்த ஆல்பத்துல ஒரு வார்த்தை எனக்குப் புரியல. சரி, நமக்குத்தான் இங்கிலீஷ் வராதேன்னு நினைச்சு, கிளாஸ்ல திருச்சிலேர்ந்து வந்த, எல்கேஜிலேர்ந்து இங்கிலீஷ் மீடியம் படிச்ச நண்பன்கிட்ட ஹெட்செட்டைக் கொடுத்தேன். அவன் இங்கிலீஷ்ல கனவு காண்ற ஆளு. கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு பாட்டு கேட்டான். "மச்சி, இது என்ன லேங்குவேஜ்டா?"ன்னான்.

இங்கிலீஷ் பேசுன்னு பேரு வெச்ச ஆல்பம். இங்கிலீஷ் மீடியம்காரனுக்கே அது என்ன பாஷைன்னு தெரியல. அந்த அரை மணி நேரத்துல அவனும் நானும் ஒன்னு. அந்தக் காலேஜுல வேற எங்கேயும் எனக்கு அது கிடைக்கல. ஃபைன் கட்டாம நான் கேட்ட இங்கிலீஷ் அதுதான்.

இந்த மாதிரி இசைக்கு கிராஸ்ஓவர்னு பேரு. 80கள்ல அமெரிக்காவுல ஹார்ட்கோர் பங்க் கோஷ்டி ஒரு பக்கம், மெட்டல் கோஷ்டி ஒரு பக்கம். இவன் மொட்டை, அவன் நீள முடி. ஒருத்தன் கச்சேரிக்கு இன்னொருத்தன் போனா அடிதடி. ரெண்டையும் போட்டுக் குழைச்ச முதல் சில ஆல்பங்கள்ல எஸ்.ஓ.டியோடது ஒன்னு. 1987ல டி.ஆர்.ஐ.ங்கிற பேண்டு 'கிராஸ்ஓவர்'ங்கிற பேருலயே ஆல்பம் போட்டப்ப பேரு நிலைச்சிருச்சு. எஸ்.ஓ.டி ஆல்பத்துல 'யுனைடெட் ஃபோர்சஸ்'னு ஒரு பாட்டே இருக்கு, மொட்டையும் முடியும் சண்டையை விட்டுட்டு ஒன்னாச் சேரணும்னு. தலைமுடிக்கு இவ்வளவு பெரிய மனசு காட்டுனவங்க, மொழின்னு வந்தப்ப என்ன பண்ணாங்கன்றது எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுது.

அது 2019ல. படிப்பு முடிஞ்சு சென்னையில ஒரு சின்னக் கம்பெனியில பொட்டி தட்டச் சேந்திருந்தேன். (அதுக்கு முன்னாடி ரெண்டு பெரிய கம்பெனி, டெக்னிக்கல் ரவுண்டு தாண்டி "கம்யூனிகேஷன்"ல என்னைக் கழட்டி விட்ட கதை தனிப் பதிவு.) அதுக்குள்ள ஓரளவு இங்கிலீஷ் தேறியிருந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை மேன்ஷன்ல வேலையில்லாம, இத்தனை வருஷமாக் கேக்குறோமே, என்னதான் பாடியிருக்கான்னு பாட்டு வரிகளைத் தேடி எடுத்தேன்.

எடுக்காமலே இருந்திருக்கலாம்.

பல பாட்டு வெறும் விடலைப் பசங்க கூத்து, பொம்பளைங்களைப் பத்திக் கேவலமா ரெண்டு மூணு. அரபு நாட்டுக்காரங்களைத் திட்டி ஒன்னு. தலைப்புப் பாட்டு, வெளிநாட்டுலேர்ந்து பொழைக்க வந்தவங்களைப் பாத்துப் பாடுறது: படகு படகா வர்றீங்க, ஒழுங்காப் பேசக்கூட வரல, ஊரைப் பாத்துப் போங்கடான்னு. அதுல ஒரு இடத்துல நெத்தியில இருக்கற பொட்டு வருது. அந்தப் புள்ளி எதுக்கு, அதை வெச்சுத்தான் பாக்குறியான்னு ஒரு நக்கல்.

அந்த வரியை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கேன். பஸ்ஸுல தலையாட்டிக்கிட்டே கேட்டிருக்கேன். எங்க அம்மா நெத்தி நிறையப் பொட்டு வைக்கிற ஆளு. காலையில களைக்கொத்தோட கடலைக்காட்டுக்குப் போறப்பவும் அந்தப் பொட்டு கலையாது.

சும்மா காமெடிக்குன்னு விட்டுறலாம். பேண்டுக்காரங்களும் அப்படித்தான் சொல்லி வந்திருக்காங்க. அது சார்ஜென்ட் டியோட பேச்சு, அவனுக்கு எல்லாரையும் பிடிக்காது, எங்களோட கருத்து இல்லைன்னு. பேருங்களைப் பாத்தா அது உண்மையா இருக்கலாம்னும் தோணுது. மிலனோங்கிறது இத்தாலிப் பேரு. ஸ்காட் இயனோட முழுப்பேரு ஸ்காட் இயன் ரோசன்ஃபெல்ட், யூதக் குடும்பம். அவங்க வீட்டுப் பெருசுகளும் எப்பவோ ஒரு படகுல வந்து இறங்குனவங்களாத்தான் இருக்கணும்.

ஆனா இன்னொன்னும் தெரிஞ்சுது. இந்த ஆல்பம் வந்து ரெண்டு வருஷத்துல, 1987ல, நியூயார்க்குக்கு ஆத்துக்கு அந்தாண்ட இருக்கற ஜெர்சி சிட்டியில ஒரு கும்பல் கிளம்புச்சு. இந்தியர்களை ஊரைவிட்டு விரட்டுவோம்னு லோக்கல் பேப்பருக்கு லெட்டர் போட்டாங்க. கும்பலுக்கு அவங்களே வெச்சிக்கிட்ட பேரு டாட்பஸ்டர்ஸ். டாட்டுன்னா அதே பொட்டுதான். அந்த வருஷம் செப்டம்பர்ல பக்கத்து ஊரு ஹோபோக்கன்ல நவ்ரோஸ் மோடிங்கிற இந்தியரைப் பசங்க கூட்டமா அடிச்சாங்க, சில நாள்ல அவரு இறந்துட்டாரு. இந்தப் பாட்டாலதான் அது நடந்துச்சுன்னு நான் சொல்லல, அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது. ஆனா ஒரே காலம், ஒரே சுத்துவட்டாரம், ஒரே நக்கல். அதுக்கப்புறம் அந்த வரி வர்றப்ப என்னால தலையாட்ட முடியல. அந்தப் பாட்டை மட்டும் தாண்டிக் குதிச்சுப் போயிடுவேன். மத்ததைக் கேப்பேன். இது நியாயமான்னா, தெரியல.

மொழிக்காகச் சாவுங்கிறது எங்க ஊருப் பக்கம் கேலி கிடையாது. 1964 ஜனவரி 25, திருச்சி ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல, இந்தித் திணிப்பை எதுத்து, தமிழ் வாழ்கன்னு சொல்லிட்டுத் தீக்குளிச்ச சின்னசாமி, கீழப்பழுவூர்க்காரரு. அவருக்கு அப்ப என்னோட இப்போதைய வயசு கூட இல்ல. கல்யாணமாகிச் சின்னப் புள்ளை ஒன்னு இருந்துச்சு. ஸ்கூல்ல எங்களுக்கு அவரைப் பத்திச் சொல்லித் தர்றப்ப வாத்தியார் குரல் மாறும். நாங்க பசங்க, "நம்ம பஸ் ஸ்டாப்புக்காரரு"ன்னு பெருமை அடிச்சிக்குவோம்.

அந்தப் போராட்டம் 1965ல மாநிலம் முழுக்கப் பத்திக்கிச்சு. இந்தி மட்டும்தான்னு ஆகக்கூடாது, இங்கிலீஷ் ஆட்சிமொழியாத் தொடரணும்னு கேட்டு வாங்குனாங்க. சரியாத்தான் கேட்டாங்க. அந்த இங்கிலீஷ்தான் இன்னிக்கு எனக்குச் சோறு போடுது. ஆனா அவரு ஊருலேர்ந்து பஸ் ஏறிப் போன பையன்கிட்ட, டீ கேட்டதுக்கு ஐம்பது ரூபா புடுங்குனதும் அதே இங்கிலீஷ் பேருலதான். இதை அவருகிட்ட எப்படிச் சொல்றதுன்னு அந்தப் பக்கம் பஸ்ஸுல போறப்ப சில சமயம் யோசிப்பேன்.

சரி, இன்டர்வியூவுக்கு வர்றேன்.

போன மாசம் டேமேஜர் என்னையும் இன்னொருத்தரையும் பேனல்ல போட்டாரு. கூட இருந்தவரு வடக்கத்திக்காரரு, நல்ல மனுஷன். வீடியோ கால்ல வந்த தம்பி நாமக்கல் பக்கம். பின்னாடி சுவத்துல காலண்டர், எங்கேயோ கோழி கத்துது. அவன் எழுதுன கோடு சுத்தமா இருந்துச்சு. விளக்கச் சொன்னோம். ரெண்டு வாக்கியம் வந்துச்சு, அப்புறம் நின்னுருச்சு. அவன் தொண்டை ஏறி இறங்குறது ஸ்கிரீன்ல தெரியுது. "சார்... ஐ நோ சார்"ன்னான். அவ்ளோதான்.

கால் முடிஞ்சதும் ஃபார்ம் வந்துச்சு. டெக்னிக்கல்ல நல்ல மார்க்கு போட்டேன். அடுத்த கட்டத்துல, கை பாட்டுக்கு அடிச்சிருச்சு, "கம்யூனிகேஷன் நீட்ஸ் இம்ப்ரூவ்மெண்ட்". யோசிக்கவே இல்லீங்க. எனக்கு ரெண்டு கம்பெனி எழுதுன அதே மூணு வார்த்தை. சப்மிட் பட்டன் மேல கை வெச்சப்புறம்தான் என்ன எழுதியிருக்கோம்னு உறைச்சுது. சத்தியமா அந்த நேரத்துல எனக்கு ஞாபகம் வந்தது எக்ஸாமினர் இல்ல, சார்ஜென்ட் டி மூஞ்சி.

அழிச்சுட்டேன். கூட இருந்தவருகிட்ட, இன்னொரு பத்து நிமிஷம் அவன்கிட்ட தமிழ்ல பேசிட்டு உங்களுக்குச் சொல்றேன்னு கேட்டேன். "ஓகே, நீ டிரான்ஸ்லேட் பண்ணு"ன்னாரு. தம்பியைத் திரும்பக் கூப்பிட்டேன். "தம்பி, இதை உங்க ஊருல ஒருத்தருக்கு எப்படிச் சொல்லுவீங்களோ அப்படிச் சொல்லுங்க"ன்னேன். ஒரு நிமிஷம் நம்பாமப் பாத்தான். அப்புறம் பேசுனான் பாருங்க. கியூவை ரேஷன் கடை வரிசையாக்கி, எங்க லாக் போடணும், ஏன் போடணும், போடலைன்னா எந்த மூட்டை ரெண்டு தடவை போகும்னு. நான் மூணு வருஷம் முன்னாடி அதே இடத்துல பண்ணுன தப்பை அவன் பாட்டுக்குச் சொல்லிட்டுப் போறான். ஙேன்னு முழிச்சது நான்தான்.

அவனுக்கு வேலை கிடைச்சுதான்னு கேப்பீங்க. இன்னும் ஒரு ரவுண்டு இருக்கு, அதுல நான் இல்ல. க்ளையண்ட் சைடு ஆளு எடுப்பாரு. இங்கிலீஷ்லதான்.

அந்த ராத்திரிதான் ஆல்பத்தைத் திரும்பப் போட்டேன். தேடுறப்ப ஒரு விஷயம் மாட்டுச்சு. 2020ல மிஸ்டர் பங்கிள்ங்கிற பேண்டு, 1986ல தாங்க போட்ட டெமோவைப் புதுசா ரெக்கார்டு பண்ணி ஆல்பமா விட்டிருக்காங்க. கிட்டார் யாருன்னு பாத்தா, நம்ம ஸ்காட் இயன். டிரம்ஸ் டேவ் லோம்பார்டோ, ஸ்லேயர் புகழ், கியூபா நாட்டு ஹவானாவுல பொறந்து சின்னப் புள்ளையா அமெரிக்கா வந்தவரு. அதுல எஸ்.ஓ.டியோட அதே தலைப்புப் பாட்டை எடுத்திருக்காங்க. ஆனா பேரு 'ஆப்லா எஸ்பான்யோல் ஓ முயெரே'. ஸ்பானிஷ் பேசு, இல்லேன்னா செத்துப்போ. பாடுறதும் ஸ்பானிஷ்லதான். அந்த ரிஃப்பை 35 வருஷம் முன்னாடி வாசிச்ச அதே ஆளு, படகுல வந்தவங்க பக்கம் நின்னு திருப்பி வாசிக்கிறாரு. இது மன்னிப்பா, இன்னொரு ஜோக்கான்னு அவருக்குத்தான் வெளிச்சம். எனக்கு ஜோக்காவே இருந்தாலும் பரவால்ல. ஒரு வார்த்தை புரியாம, ரொம்ப நாள் கழிச்சு நல்லாத் தலையாட்டிக் கேட்டேன்.

அடுத்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில உக்காந்து லேப்டாப்புல வேலை பாத்துக்கிட்டே பழைய ஆல்பத்தை ஸ்பீக்கர்ல விட்டிருந்தேன். தலைப்புப் பாட்டு வந்தப்ப வழக்கம்போலத் தள்ளிட்டேன். அம்மா காட்டுலேர்ந்து வந்து, முந்தானையில முகத்தைத் துடைச்சுக்கிட்டுப் பக்கத்துல உக்காந்துச்சு. பொட்டு அப்படியே இருக்கு. கொஞ்ச நேரம் கேட்டுச்சு.

"ஏன்டா இவன் இந்தக் கத்து கத்துறான், என்னவாம்?"

நல்லவேளை, அப்ப ஓடிக்கிட்டு இருந்தது 'மில்க்'.

"வீட்டுல பால் தீந்துபோச்சாம்மா."

"அய்ய, அதுக்கா? பக்கத்து வூட்டுல ஒரு டம்ளர் வாங்கிக்க வேண்டியதுதானே"ன்னுட்டு டீ போட உள்ள போயிருச்சு.